அழைப்பாளர் பிறப்பித்த ஆணை

கதிரவன் கீழ்த்திசைக் கூரைகளுக்கு மேல் ஒரு முழம் உயர்ந்து, தெருவின் ஒரு பக்கத்தைப் பொன்னொளியில் நனைத்து, மறுபக்கம் இன்னும் சற்று நேரம் தூங்கட்டும் என்று அதை நிழலிலேயே விட்டுவைத்திருந்த காலைப்பொழுதில், முறைமன்றத் தெரு மெல்ல மெல்லக் கண்விழித்துக்கொண்டிருந்தது. வேண்டுகை மடல் எழுதித் தருவோர் தம் சாய்வு மேசைகளை விரித்து, மைக்கூடுகளைத் துடைத்து, எழுதுகோல்களின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் உரசிப் பார்த்து அமர்ந்தனர். தாள்கடைக்காரர் கதவுப் பலகைகளை ஒவ்வொன்றாய்க் கழற்றிச் சுவரில் சாத்தினார். தேநீர்க் கடையிலிருந்து எழுந்த ஆவி, வெளியூர்களிலிருந்து வழக்குக்காக வந்து கால்கடுக்க நின்றோரின் முகங்களைத் தடவி, எல்லாம் நல்லபடியாக முடியும் என்று பொய்யாகவேனும் ஆறுதல் சொல்லிச் சென்றது. தெருவின் கோடியில், பதினொரு கற்படிகளுக்கு மேல், நெடிய தூண்களும் நீண்ட தாழ்வாரமும் தாழ்வாரம் நெடுகப் போட்ட மரப்பலகைகளுமாக முறைமன்றம் நின்றது. அந்தப் பலகைகளில் அமர்ந்து அமர்ந்து எத்தனையோ பேர் எழுந்து போயிருந்ததால், அவை நடுவில் வழுவழுப்பாகவும் ஓரத்தில் சொரசொரப்பாகவும் இருந்தன.

நல்லறிவு வாய்ந்தோரே, இக்கதையின் நாயகர் அந்த மன்றத்தின் நடுவர் அல்லர், வழக்குரைஞரும் அல்லர். நடுவர் இருக்கைக்கும் தெருவுக்கும் இடைப்பட்ட வாயிலில், தோளிலிருந்து இடைக்குக் குறுக்கே செந்நிறப் பட்டை அணிந்து, வழக்கின் முறை வந்ததும் அதற்குரியாரைப் பெயர் சொல்லி மும்முறை கூவி அழைக்கும் அழைப்பாளரே இவர். ஊரார் பேச்சு வழக்கில் அவரை டவாலி என்பர். அவர் இல்லாத இடத்தில் முழக்கத்தார் என்பர். அவர் தொண்டையைத் திறந்தால் கூரையில் அமர்ந்த புறாக்கள் ஒருசேர எழுந்து பறக்கும். தேநீர்க் கடையில் குவளை உதட்டருகே நிற்கும். தெருமுனையில் தன் பெயரைக் கேட்டவன், குற்றம் செய்தானோ இல்லையோ, ஓடி வருவான். மும்முறை அழைப்பதே அவருக்கு மன்றம் அளித்த பணி. நான்காவதாக ஒன்றையும் மன்றம் அவருக்கு அளிக்கவில்லை.

ஆயினும் இருபத்தாறு ஆண்டுகள் ஒரு வாயிலில் நிற்பவனுக்கு அந்த வாயில் மெல்ல மெல்லத் தன்னுடையதாகிவிடுகிறது. தொடக்கத்தில் வெறும் பெயரை அழைத்தவர், பின்னர்ப் பெயருக்கு முன்னால் ஓரிரு அடைமொழிகளைச் சேர்க்கத் தலைப்பட்டார். “கூடப் பொறந்தவன் மேலயே வழக்குப் போட்ட அண்ணன்காரர் வரலாம்!” என்பார், “மூணு தடவ வாய்தா வாங்கியும் வெக்கப்படாத கட்டடக்காரர் வரலாம்!” என்பார். அடைமொழி அறிவுரையாக வளர்ந்தது. அறிவுரை அதட்டலாக முதிர்ந்தது. யார் எந்தப் பலகையில் அமர்வது, யார் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கலாம், எந்தக் கணவன் எந்த மனைவிக்கு எதிரே உட்கார்ந்தால் உள்ளம் இளகும் என்பன எல்லாம் அவரால் வகுக்கப்பட்டன. முந்தைய நடுவர் செவித்திறன் குன்றியவர். நண்பகலுக்குப் பின் இமைகளின் ஆட்சிக்கு உட்பட்டவர். தாழ்வாரத்தில் நடப்பதெல்லாம் நன்மைக்கே என்று விட்டுவிட்டவர். அவர் ஓய்வுபெற்று, நடுவயதைத் தாண்டாத ஓர் அம்மையார் அவ்விருக்கைக்கு வந்து இரண்டு திங்களே ஆகியிருந்தன. அம்மையார் குறைவாகப் பேசுபவர். ஆனால் எல்லாவற்றையும் கேட்பவர்.

முழக்கத்தாருக்கு மன்றத்தில் இத்தனை செல்வாக்கு என்றால், வீட்டில் எத்தனை என்று கேட்பீர்கள். வீட்டில் அவருக்கு ஒரே ஒரு தங்கை. பெற்றோர் அடுத்தடுத்து மறைந்தபோது அவருக்கு அகவை பதினாறு; அவளுக்கு ஒன்பது. அவளை வளர்த்து ஆளாக்கும் வரை தமக்கு மணம் வேண்டாம் என்று அவர் இருந்தார். அண்ணன் தனியே இருக்கையில் தனக்கு எதற்கு மணம் என்று அவள் இருந்தாள். இப்படி ஒருவருக்காக ஒருவர் இருந்து இருந்தே அவருக்கு ஐம்பத்திரண்டும் அவளுக்கு நாற்பத்தைந்தும் ஆகிவிட்டன. நரை எட்டிப் பார்த்த பின்னும் அவர் அவளைப் பாப்பா என்றே அழைத்தார். அவளோ ஏடு கட்டும் தொழிலில் ஊரறிந்த கைகாரி. முன்னறையில் அவளுடைய அழுத்துப்பொறியும், மெழுகு தடவிய நூற்கண்டுகளும், பசைக் கிண்ணமும், அளவுக்கு வெட்டிய அட்டைகளும் இருக்கும். பள்ளிகளின் கணக்கு நூல்களும் மன்றத்தின் பதிவேடுகளும், முதுகு உடைந்தாலும் தாள் கழன்றாலும், அவளிடமே வரும். மாலையில் அவள் ஊசி கோத்துத் தைக்க, எதிரே அமர்ந்து அன்று மன்றத்தில் தாம் ஆண்டதையெல்லாம் அண்ணன் விரித்துரைப்பார். அவள் உம் கொட்டுவாள். அந்த உம்தான் அவருடைய நாளின் உண்மையான தீர்ப்பு.

அந்த முன்னறைக்கு ஒருநாள் கடிகாரம் செப்பனிடுபவர் ஒருவர் வந்தார். முள்ளுக்காரர் என்பது அவருக்கு ஊர் இட்ட பெயர். ஒரு கண்ணில் உருப்பெருக்கியை இடுக்கி இடுக்கியே அக்கண் மற்றதைவிடச் சிறுத்திருக்கும்; பேச்சும் மெல்லியது, நடையும் மெல்லியது. ஊரிலுள்ள கடிகாரம் ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு எத்தனை நொடி முந்துகிறது, எத்தனை நொடி பிந்துகிறது என்று அவர் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பேட்டின் தையல் விட்டுப்போயிற்று என்று கொண்டுவந்தார். அவள் தைத்துக் கொடுத்தாள். அடுத்த திங்களும் விட்டுப்போயிற்று. அதற்கடுத்த திங்களும் அப்படியே. தேய்ந்து அற்ற நூலுக்கும் கத்தியால் அறுத்த நூலுக்கும் வேறுபாடு அறியாதவளா அவள்? ஏழாம் முறை அவர் வந்தபோது, நூலின் நுனியைச் சுட்டிக்காட்டி, “இந்த ஏட்டை இனிமே அறுக்காதீங்க. தாளு பாவம். சும்மாவே வாங்க,” என்றாள். சிறிய கண்ணும் பெரிய கண்ணும் ஒருங்கே நாணின.

காலம் தாழ்ந்து வந்த அன்புக்குப் பொறுமை இருந்தது. ஆனால் வேளைக்குப் பொறுமை இல்லை. தொலைவிலுள்ள துறைமுக நகரில் மணிக்கூண்டைக் காக்கும் பணி முள்ளுக்காரருக்குக் கிடைத்தது. கூண்டின் அடியிலேயே இரண்டறை வீடு. ஆனால் மணமானவருக்கே அந்த வீடும் அந்தப் பணியும் என்பது அந்நகரத்தின் கட்டளை. வரும் திங்களின் முதல் நாளில் மணச்சான்றோடு சென்று சேராவிடில் பணி வேறொருவருக்குப் போகும். இருவரும் மன்றத்தில் மண அறிவிப்பு எழுதிக் கொடுத்தனர். அந்த மன்றத்தின் முறை எளியது. அறிவிப்பை அழைப்பாளர் மூன்று காலைகளில் படிமேல் நின்று முழங்க வேண்டும். ஒவ்வொரு காலையும் தடை சொல்வார் உண்டா என்று மும்முறை வினவ வேண்டும். எவரும் வாய்திறவாவிடில் ‘தடை இல்லை’ என்று பதிவேட்டில் எழுதி ஒப்பமிட வேண்டும். அதன்பின் நடுவர் சான்று அளிப்பார். திங்கள் முடியப் பதினெட்டு நாள்கள் இருந்தன.

அன்று மாலை, சோற்றைப் பரிமாறிக்கொண்டே தங்கை செய்தியைச் சொன்னாள்.

“அண்ணா, நாளைக்கு உன் கைக்கு ஒரு அறிவிப்பு வரும். என் பேரும் அவரு பேரும் இருக்கும். ஊர்ல எத்தனையோ பேரைக் கூப்பிட்டிருக்க. என் பேரை உன் குரல்ல மூணு நாளு கேக்கணும்னு ஆசையா இருக்கு.”

முழக்கத்தாரின் கை சோற்றிலேயே நின்றது. “எல்லாம் முறைப்படி நடக்கும்,” என்று மட்டும் சொல்லிக் கைகழுவ எழுந்தார்.

மறுநாட் காலை அறிவிப்புத் தாளைக் கையில் ஏந்திப் படிமேல் நின்றார். தொண்டையைச் செருமினார். புறாக்கள் முன்னெச்சரிக்கையாகச் சிறகை விரித்தன. அவர் வாய் திறக்கவில்லை. தங்கையின் பெயரை உரக்கச் சொன்ன அந்த நொடியே அவள் வீட்டைவிட்டுப் போய்விடுவாள் என்று நெஞ்சுக்குள் ஓர் அச்சம் எழுந்து, கொழுக்கட்டையை விழுங்கியவனைப்போல் அவரை நிறுத்தியது. உள்ளதைச் சொன்னால், அது தனிமையின் அச்சம். ஆனால் பட்டை அணிந்த மனிதர் தம் அச்சத்துக்கு அச்சம் என்று பெயரிடுவதில்லை. பொறுப்பு என்று பெயரிடுவார். முழக்கத்தார் அப்படியே பெயரிட்டு, உள்ளே சென்று, பதிவேட்டைத் திறந்து, தாம் வாழ்நாளெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடமான நடுவர்களின் நடையில், அழகிய கையெழுத்தில் இவ்வாறு எழுதினார்:

‘மேற்படி அறிவிப்பு இன்று அழைப்பாளர் முன் வைக்கப்பட்டது. மணமகளின் பண்பு அழைப்பாளர் நன்கு அறிந்ததே. மணமகனின் தகுதி ஐயத்துக்கு இடமானது. ஆகவே உணவு, உறக்கம், பேச்சு ஆகிய மூன்று தலைப்புகளில் உசாவல் முடியும் வரை அழைப்பு நிறுத்திவைக்கப்படுகிறது. இவ்வாறு ஆணையிடுகிறேன்.’

எழுதிவிட்டு ஒருமுறை படித்துப் பார்த்தார். எத்தனை நிமிர்ந்த நடை! தாமே வியந்தார். அத்தோடு நின்றிருந்தாலும் பிழை சிறிதாயிருக்கும். மன்ற அலுவலகத்தின் தட்டச்சு அம்மையார் தேநீர் அருந்தப் போன வேளையில், வெற்று அழைப்பாணைத் தாள் ஒன்றை எடுத்து, முள்ளுக்காரரின் பெயரை நிரப்பி, மன்றத்தின் இலச்சினையை அதன் தலையில் அழுத்திப் பதித்து அனுப்பியும் விட்டார்.

முள்ளுக்காரர் அழைப்பாணையை மெய்யென்றே நம்பினார். குறித்த நாளில், குறித்த மணியில், ஒரு நொடி முந்தாமலும் பிந்தாமலும், பழைய ஏடுகள் அடுக்கிய பின்னறைக்கு வந்து சேர்ந்தார். அங்கே, கை ஒடிந்ததென்று ஒதுக்கப்பட்ட நடுவர் நாற்காலியில், ஒருபுறமாகச் சாய்ந்துவிடாமல் இருக்கச் சுவரில் தோள் கொடுத்து, முழக்கத்தார் வீற்றிருந்தார்.

“இது மூடிய கதவுக்குள்ள நடக்கிற விசாரணை. வெளியில யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது. தங்கச்சிகிட்டயும்தான்.”

“சரிங்க மச்சான்.”

“மச்சானா? இங்க நான் மச்சான் இல்ல. மன்றம்!”

“சரிங்க மன்றம்.”

“நேரா நேரத்துக்குச் சாப்பிடுவீங்களா?”

“கடிகாரத்தைத் திறந்து வச்சிருந்தா மறந்துடுவேங்க. மூடுனதும் பசிக்கும்.”

“உணவை மறப்பவர்,” என்று எழுதிக்கொண்டார் முழக்கத்தார். “தூக்கத்துல குறட்டை உண்டா?”

முள்ளுக்காரர் நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவருக்கு இது கடினமான வினா. “தனியாத் தூங்குறவனுக்கு அது எப்படிங்க தெரியும்?” என்றார்.

“அப்ப சான்று கொண்டு வாங்க,” என்று முழக்கத்தார் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, திங்களின் இறுதி வேலைநாளில் காலை பத்து மணிக்கு வாய்தா போட்டார். ஏன் அந்த நாள் என்று முள்ளுக்காரர் கேட்கவில்லை. முழக்கத்தாருக்குத் தெரியும்: அந்த நாள் கடந்தால் மணிக்கூண்டும் கடந்துவிடும். இதை எழுதுகையில் அவர்மேல் எனக்குச் சினம் வருகிறது. ஆயினும், அன்றிரவே தங்கைக்குப் பிடித்த பழம் இரண்டு வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்க இயலாமல், அவற்றைச் சமையற்கட்டில் வைத்துவிட்டுப் போன அவருடைய முதுகை எண்ணுகையில் சினம் சற்றுத் தணிகிறது.

தங்கை நாள்தோறும் கேட்டாள்: “என் அழைப்பு எப்பண்ணா?” “வரிசையில இருக்கு பாப்பா,” என்பார் அவர். மன்றத்திலோ, எவரேனும் பதிவேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவரோ என்ற நடுக்கத்தில், யார் அருகே வந்தாலும் அதைப் படாரென்று மூடினார். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை இப்படி மூடினால் எந்த ஏடு தாங்கும்? பதினாறாம் நாள் பதிவேட்டின் முதுகு ஒடிந்து, தாள்கள் தளர்ந்து தொங்கின. முழக்கத்தார் மதிய உணவுக்குச் சென்றிருந்த வேளையில், கடமை தவறாத தட்டச்சு அம்மையார், முதுகு ஒடிந்த ஏட்டை என்ன செய்வது வழக்கமோ அதைச் செய்தார்: துணியில் சுற்றி, ஏடு கட்டுபவளின் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். உலகில் ஒருவர் படிக்கவே கூடாத ஆணையை, அந்த ஒருவரின் மடியிலேயே மன்றம் கொண்டுபோய் வைத்தது.

அவள் பழைய நூலை அறுத்து, தாள்களை வரிசை பிசகாமல் அடுக்குகையில், அறிந்த கையெழுத்து ஒன்று கண்ணில் பட்டது. படித்தாள். முதலில் சிரிப்பு வந்தது. உறக்கம் என்ற தலைப்பில் அப்படி என்னதான் உசாவப் போகிறார் என்று வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு நாள்காட்டியைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட இறுக்கமாக, ஒவ்வொரு முடிச்சையும் இரட்டை முடிச்சாகப் போட்டு, அந்தப் பதிவேட்டை இனி எவராலும் ஒடிக்கவியலாதபடி கட்டி முடித்தாள். பசை காயும் வரை ஒருநாள் அதை அட்டைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். பதிவேடு எங்கே போயிற்று என்று மன்றத்தில் கேட்கவும் அஞ்சிய அண்ணனிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் மன்றக் கதை சொன்னபோது உம் கொட்டவும் இல்லை.

இறுதி வேலைநாள் புலர்ந்தது. மன்றம் கூடிச் சிறிது நேரத்தில், கையில் பதிவேட்டோடு அவள் பதினொரு படிகளையும் ஏறி வாயிலுக்கு வந்தாள். செந்நிறப் பட்டை குறுக்கே நின்றது.

“பட்டியல்ல உன் பேரு இல்லையே பாப்பா,” என்றார் முழக்கத்தார். அவள் கையிலிருந்த ஏட்டைக் கண்டதும் அதை வாங்கக் கை நீட்டினார்.

“இருக்க வேண்டிய பேருதான். நீ கூப்பிடாம விட்டுட்ட. வழிவிடுண்ணா.”

உள்ளிருந்து நடுவர் அம்மையாரின் குரல் வந்தது: “வாசல்ல என்ன? அவங்கள உள்ள விடுங்க.”

அவள் பதிவேட்டைத் திறந்து மேசைமேல் வைத்தாள். நடுவர் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து அணிந்துகொண்டு மூன்றாம் முறையும் படித்தார்.

“நல்ல ஆணை,” என்றார். “என் ஆணையைவிட நடை நல்லா இருக்கு. ‘இவ்வாறு ஆணையிடுகிறேன்.’ இந்த ரெண்டு சொல்லை எழுதுறதுக்கு நான் இருபது வருசம் படிச்சேன். நீங்க எங்க படிச்சீங்க?”

அவையில் சிரிப்பலை எழுந்தது. முழக்கத்தார் பட்டையைப் பற்றியபடி நின்றார். “அம்மா, தகப்பன் இடத்துல இருந்து வளத்தவன் நான். கட்டிக்கிறவரு எப்படின்னு விசாரிக்க வேணாமா?”

“வேணும். தகப்பன் இடத்துல இருந்து கேக்கணும்னா வீட்டுல கேட்டிருக்கணும். இங்க எதுக்குக் கேட்டீங்க?”

அந்தக் கணத்தில் சுவர்க் கடிகாரம் பத்து அடித்தது. பத்தாம் அடியோடு முள்ளுக்காரர் வாயிலில் தோன்றினார். சட்டைப் பையிலிருந்து இலச்சினை பதித்த அழைப்பாணையையும், நான்காய் மடித்த தாள் ஒன்றையும் எடுத்து, பணிவோடு நடுவரிடம் நீட்டினார்.

“இன்னைக்கு வாய்தாங்க. குறட்டைக்குச் சான்று கேட்டிருந்தாங்க. என் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவுல ஒத்தைச் சுவருதான். மெத்தை தைக்கிறவரு இருக்காரு. அவருகிட்ட எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன்.”

நடுவர் அத்தாளைப் பிரித்து, அவை கேட்க வாசித்தார்: “‘இவருக்குக் குறட்டை இல்லை என்று உறுதி கூறுகிறேன். ஆனால் தூக்கத்தில் நொடிகளை எண்ணுகிறார். நூற்றுக்கு மேல் எண்ணியதில்லை.’”

இம்முறை எழுந்த சிரிப்பில் கூரைப் புறாக்கள் பறந்தன. தங்கையும் சிரித்தாள், கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். முள்ளுக்காரர் மட்டும் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று விளங்காமல், சான்றில் ஏதேனும் குறையோ என்று கவலையோடு நின்றார். முழக்கத்தார் அவரைப் பார்த்தார். தம்மை நம்பி, தம் பொய்யான வினாவுக்கு மெய்யான விடையைச் சுவருக்கு அப்பாலிருந்தும் தேடிக் கொண்டுவந்த அந்த எளிய மனிதரைப் பார்க்கப் பார்க்க, அவருக்குத் தலை தானாகக் குனிந்தது.

நடுவர் அழைப்பாணையைத் தனியே எடுத்து வைத்தார். சிரிப்பு அவர் முகத்தை விட்டுப் போயிருந்தது. “இலச்சினை மன்றத்தோடது. அதை எடுத்து ஒருத்தர் தன்னோட வீட்டுக் கவலைக்குக் குத்துனா, நாளைக்கு வெளிய இருக்கிற எவரும் இந்தத் தாளை நம்ப மாட்டாங்க. இதைப் பத்தி அப்புறம் பேசுவோம். இப்ப முதல் வேலை வேற.” தங்கையிடம் திரும்பினார். “இன்னைக்கு விட்டா?”

“இன்னைக்கு விட்டா இல்லங்கம்மா. நடுப்பகல் வண்டியில போனாத்தான் நாளைக்குப் போய்ச் சேர முடியும்.”

தக்க காரணம் இருப்பின் மூன்று காலையின் அறிவிப்பையும் ஒரே காலையில் முடிக்க நடுவர் ஆணையிடலாம் என்பது அம்மன்றத்தின் விதி. அம்மையார் அவ்வாறே ஆணையிட்டார். ஆனால், தன் வீட்டு மணத்தைத் தானே அழைத்துத் தானே தடையில்லை என்று எழுதும் உரிமை எந்த அழைப்பாளருக்கும் இல்லை என்று முழக்கத்தாரை விலக்கினார். அப்படியானால் அழைப்பவர் யார்? தட்டச்சு அம்மையார் முன்வந்து, படிமேல் நின்று வாய்திறந்தார். அவருடைய குரல் மூன்றாம் படி வரை இறங்கி, அதற்குமேல் போக மனமின்றித் திரும்பிவிட்டது.

“நானே கூப்பிட்டுக்கிறேம்மா,” என்றாள் தங்கை.

நடுவர் விதிநூலைப் புரட்டினார். அழைப்பாளர் விலக்கப்பட்டால் ‘மன்றம் ஏற்கும் குரலுடைய எவரும்’ அழைக்கலாம் என்றே அதில் இருந்தது. “குரல் இருக்கா?” என்றார்.

“எங்க வீட்டுல ரெண்டு குரல் இருந்துச்சும்மா. ஒண்ணுக்குத்தான் வேலை கிடைச்சுது.”

எல்லாரும் படிக்கு வந்தனர். நடுவர் முழக்கத்தாரை அருகே அழைத்தார். “ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. டவாலியா இதைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்ல. ஊர்ல இருக்கிற மத்தவங்க மாதிரி, அண்ணனா, தடை சொல்ல உரிமை உண்டு. பட்டையைக் கழட்டி வச்சிட்டுக் கீழ எறங்கி, கூட்டத்துல நின்னு சொல்லுங்க. காரணத்தோட.”

இருபத்தாறு ஆண்டுகளாகத் தோளில் கிடந்த பட்டையைக் கழற்றி மடித்துத் தூணருகே வைத்துவிட்டு, முழக்கத்தார் பதினொரு படிகளையும் இறங்கி, தேநீர்க் குவளையோடு நின்றிருந்தவர்களுக்கு நடுவே போய் நின்றார். கீழிருந்து பார்க்கையில் அந்தப் படிகள் இத்தனை உயரமா என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

தங்கை மூச்சை இழுத்தாள். பின்னர் அவள் எழுப்பிய குரல் இருக்கிறதே, அதை என்னென்பேன்! தெருவின் இருமருங்கும் பலகணிகள் திறந்தன. வேண்டுகை மடல் எழுதுவோரின் கோல்கள் பாதிச் சொல்லில் நின்றன. கூரைக்கு அப்போதுதான் திரும்பியிருந்த புறாக்கள், இந்த வீட்டில் இன்னொன்றா என்று நொந்து மீண்டும் எழுந்தன. தன் பெயரையும் முள்ளுக்காரரின் பெயரையும் அவள் முழங்கினாள். “எங்க ரெண்டு பேர் கல்யாணத்துக்குத் தடை சொல்றவங்க யாராச்சும் இருக்கீங்களா?” என்று முதலறிவிப்பில் மூன்று முறை கேட்டாள், இரண்டாம் அறிவிப்பில் மூன்று முறை கேட்டாள், மூன்றாவதில் இரண்டு முறை கேட்டாள். எட்டு வினாவுக்கும் தெரு வாய்திறக்கவில்லை. ஒன்பதாவதை அவள் தெருவைப் பார்த்துக் கேட்கவில்லை. கீழே, கூட்டத்தில், பட்டையில்லாமல் மெலிந்து தெரிந்த ஒருவரைப் பார்த்துக் கேட்டாள்.

“இருங்க,” என்றார் அவர்.

முள்ளுக்காரரின் உதடுகள் அசைந்தன. அவர் நொடிகளை எண்ணத் தொடங்கிவிட்டார் போலும். முழக்கத்தார் பேசினார், அவருடைய குரல் இத்தனை மெல்லியதாக இருக்கும் என்று ஊரில் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

“தடை இல்ல. பதினெட்டு நாளா நானும் தேடிப் பாத்துட்டேன், ஒண்ணுகூடக் கிடைக்கல. அவரு தங்கமான மனுசன். ஆனா அம்மா, ஒண்ணு மட்டும் எழுதிக்கணும். இவ போயிட்டா, நான் பேசுறதக் கேக்க வீட்டுல ஆள் இல்ல.”

“அது தடையா?” என்று கேட்டார் நடுவர்.

“இல்லம்மா. வருத்தம்.”

நடுவர், பதிவேட்டோடு நின்ற தட்டச்சு அம்மையாரிடம், “அப்படியே எழுதுங்க,” என்றார். “தடை இல்லை. அண்ணனுக்கு வருத்தம் உண்டு.”

“இருங்கம்மா, அதையும் கூப்பிட்டுச் சொல்லணும்ல?” என்று தங்கை முன்னே வந்தாள். கண்ணீர் கன்னத்தில் வழிய, முகமெல்லாம் சிரிப்பாக, முன்னைய அழைப்புகளையெல்லாம் விஞ்சும் குரலில், தெருவின் கடைக்கோடி வரை கேட்க அவள் முழங்கினாள்: “தடை இல்லை! அண்ணனுக்கு வருத்தம் உண்டு!”

தெரு ஆரவாரித்தது. நடுவர் அங்கேயே மணச்சான்றில் ஒப்பமிட்டார். அண்ணனும் சிரித்தார், சிரித்துக்கொண்டே மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவருடைய பிழைக்கு மன்றம் தண்டனை தராமல் விடவில்லை. இலச்சினைப் பேழையின் திறவுகோல் தட்டச்சு அம்மையாரின் கைக்குப் போயிற்று. மூன்று திங்கள் பட்டையின்றி, பின்னறையில் பழைய ஏடுகளைத் தூசு தட்டி அடுக்கும் பணி முழக்கத்தாருக்கு வந்தது. அதுவரை வாயிலில் தட்டச்சு அம்மையாரின் சிட்டுக்குரலே ஒலித்தது. வழக்குக்குரியோர் காதைக் கூராக்கிக்கொண்டு பலகையின் நுனியில் அமரப் பழகினர். அன்று நடுப்பகல் வண்டியில் புதுமணத்தாரை ஏற்றிவிட்டு முழக்கத்தார் வீடு திரும்பியபோது, முன்னறையில் அழுத்துப்பொறி இருந்த இடம் வெறுமையாயிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவர், கேட்க ஆளில்லை என்பது நினைவுக்கு வர, அதை ஒரு தாளில் எழுதினார். எழுத எழுத நான்கு பக்கம் ஆயிற்று. மறுநாள் அதைத் துறைமுக நகருக்கு அஞ்சலில் சேர்த்தார். எட்டாம் நாள் வந்த மறுமடலில், மணிக்கூண்டைப் பற்றி முள்ளுக்காரர் எழுதிய மூன்று பக்கத்துக்குக் கீழே, தங்கையின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது: ‘உம்.’

ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கும் உரிமை, அவரை நிறுத்திவைக்கும் உரிமை ஆகாது; இது மன்றத்துக்கும் பொருந்தும், வீட்டுக்கும் பொருந்தும். அன்பின் பெயரால் எல்லை கடப்போர் உலகில் பலர். கடந்த பின் படியிறங்கி வந்து, எனக்கு வருத்தம், அவ்வளவுதான் என்று ஊரறியச் சொல்லும் நெஞ்சுரம் உடையோர் சிலரே. முழக்கத்தார் அந்தச் சிலருள் ஒருவர் என்பதனால்தான், அறிவுசால் பெரியீர், அவருடைய கதையை இத்தனை விரிவாக உங்களிடம் சொன்னேன். அவர் வீடு இன்றும் மாலைவேளைகளில் அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அமைதிக்காக அவர் எவர்மேலும் வழக்குத் தொடுக்கவில்லை.